பெங்களூருக்கு முதலிடமா, கடைசி இடமா? ஊரை அளக்கும் ஐந்து கோல்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கணவருக்குப் பெங்களூருக்கு வேலை மாற்றம். மகள் ஆறாம் வகுப்பு, கூடவே மாமியார். குடும்பத்தோடு போவதா, அவர் மட்டும் போய் வாரக்கடைசியில் வந்து போவதா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. "ஒரு பட்டியல் இந்தியாவிலேயே வாழ எளிதான நகரம் பெங்களூருதான் என்கிறது. இன்னொரு பட்டியல் அதைக் கடைசியில் தள்ளுகிறது. எதை நம்புவது?" என்று கேட்டிருந்தார். அதே வாரம் பெங்களூரிலேயே இருக்கும் ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளரிடமிருந்தும் கடிதம். மாநகராட்சியிடம் கேள்வி கேட்க ஓர் அளவுகோல் வேண்டுமாம். அரசு வெளியிடும் எண்களை எடுத்துக்கொள்வதா, நாமே கணக்கெடுப்பதா என்று சங்கத்தில் சண்டை.

இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. முதலில் வாசகி சொன்ன குழப்பம் உண்மைதானா என்று பார்த்துவிடலாம். உண்மைதான். 2021 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட 'ஈஸ் ஆஃப் லிவிங்' பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் பெங்களூரு 66.70 மதிப்பெண்ணோடு முதலிடம். அதே நாளில் அதே அமைச்சகம் வெளியிட்ட நகராட்சிச் செயல்திறன் குறியீட்டில், 51 பெரிய நகரங்களில் 31ஆவது இடம். 2022இல் எக்கனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவான எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் வெளியிட்ட உலகப் பட்டியலில், இடம்பெற்ற ஐந்து இந்திய நகரங்களில் கடைசி. ஜனாக்கிரஹா என்ற பெங்களூரு அமைப்பின் 2017ஆம் ஆண்டு ஆய்விலோ 23 இந்திய நகரங்களில் கடைசி, பத்துக்கு மூன்று மதிப்பெண்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே மூட்டையை ஒருவர் தராசில் வைக்கிறார், இன்னொருவர் முழம் போடுகிறார்.

## எதை வைத்து ஒப்பிடப் போகிறோம்

எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும் நான் ஐந்து கேள்வி கேட்பேன். யாருக்காகச் செய்தார்கள்? எண் எங்கிருந்து வந்தது: மாநகராட்சி தானே எழுதிக் கொடுத்ததா, யாராவது போய்ப் பார்த்ததா, மக்களைக் கேட்டதா? எதைக் கணக்கில் சேர்க்கவில்லை? ஊர் முழுவதற்கும் ஒரே சராசரியா, வார்டு வரை இறங்குகிறதா? அடுத்த வருடமும் இதே முறையில் அளப்பார்களா, நடுவில் விதியை மாற்றிவிடுவார்களா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. போன வருடத்தைவிட ஐந்து இடம் முன்னேறினோம் என்று பேனர் வைப்பார்கள். அளக்கும் கோலே மாறியிருக்கும்.

## கோல் 1: உலகப் பட்டியல்கள்

எக்கனாமிஸ்ட் பட்டியல் 173 நகரங்களைப் பார்க்கிறது. நிலைத்தன்மைக்கு 25 சதவீதம், பண்பாடு-சுற்றுச்சூழலுக்கு 25, மருத்துவத்துக்கு 20, உள்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10. வியன்னா 2022 முதல் 2024 வரை தொடர்ந்து மூன்று முறை முதலிடம், 2025இல் கோபன்ஹேகன். மெர்சர் நிறுவனத்தின் பட்டியலும் ஏறக்குறைய இதே குடும்பம். நியூயார்க்குக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்ற ஊர்களை அதோடு ஒப்பிடும். 2019இல் அது பார்த்த 231 நகரங்களில் ஹைதராபாத்தும் புனேயும் 143, பெங்களூரு 149, சென்னை 151.

இவை யாருக்காக? பன்னாட்டு நிறுவனம் ஓர் அதிகாரியை வெளிநாட்டுக்கு மாற்றும்போது எவ்வளவு 'கஷ்டப் படி' கொடுப்பது என்று தீர்மானிக்க. எக்கனாமிஸ்ட் பட்டியலோடு ஒரு பரிந்துரையும் உண்டு: 80க்கு மேல் மதிப்பெண் வாங்கிய ஊருக்குக் கூடுதல் படி வேண்டாம், 50க்குக் கீழே போனால் சம்பளத்தில் 20 சதவீதம் கொடுக்கலாம். இது தெரிந்த பிறகு பட்டியலைப் படித்தால் பல விஷயம் விளங்கும். வெயிலும் புழுக்கமும் வெளியூர்ப் பயணிக்கு எவ்வளவு சிரமம் என்பதற்கு அதில் தனி மதிப்பெண் உண்டு. சென்னைக்காரர் யாரும் இந்த அடிப்படையில் ஊரை விட்டுப் போவதாகத் தெரியவில்லை.

மறைந்திருக்கும் செலவு வாடகை. வாழ்க்கைச் செலவு எக்கனாமிஸ்ட் மதிப்பெண்ணில் சேரவே சேராது, அதற்கு வேறு ஆய்வு வைத்திருக்கிறார்கள். நல்ல ஊர் என்பதும் நம் கைக்கு எட்டும் ஊர் என்பதும் இந்தப் பட்டியலில் வேறு வேறு.

கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் இடையில் தவிக்கும் குடும்பத்துக்கு இந்தக் கோல் உதவாது. அந்த ஐந்து இந்திய நகரங்களில் கோயம்புத்தூரே இல்லை. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ மாற்றல் வந்து, படி கேட்டு மனிதவளத் துறையோடு பேரம் பேச வேண்டியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

## கோல் 2: மத்திய அரசின் குறியீடுகள்

'ஈஸ் ஆஃப் லிவிங்' முதலில் 2018இல் வந்தது. 111 நகரங்கள், புனே முதலிடம். 2020க்கான பட்டியலில் (2021 மார்ச்சில் வெளியானது இதுதான்) முறையை மாற்றினார்கள்: வாழ்க்கைத் தரத்துக்கு 35 சதவீதம், பொருளாதாரத்துக்கு 15, நீடித்த நிலைக்கு 20, மக்கள் கருத்துக் கணிப்புக்கு 30. கணிப்பில் 32 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். பெங்களூருக்கு அடுத்து புனே, அகமதாபாத், சென்னை. கோயம்புத்தூர் ஏழாவது. பத்து லட்சத்துக்குக் குறைவான ஊர்களில் சேலம் ஐந்தாவது, வேலூர் ஆறாவது, திருச்சி பத்தாவது. நம் ஊர்களுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்த பட்டியல் வேறு உண்டா என்று தெரியவில்லை. யாரும் அதிகம் கொண்டாடவும் இல்லை.

இதில் நன்மை, நம் ஊர்களை நம் ஊர்களோடே ஒப்பிடுகிறது. சென்னையை வியன்னாவோடு நிறுத்தி வெட்கப்பட வைப்பதில்லை.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2018இல் நிர்வாகமும் மதிப்பெண்ணில் இருந்தது, 25 சதவீதம். 2020இல் அதைத் தனியாகப் பிரித்து நகராட்சிச் செயல்திறன் குறியீடு என்று வைத்துவிட்டார்கள். அதனால்தான் ஒரே ஊர் ஒரே நாளில் முதலிடமும் 31ஆம் இடமும் வாங்கியது. ஊரில் சம்பளம் நன்றாக இருக்கலாம், காற்று இதமாக இருக்கலாம், மாநகராட்சி மட்டும் சுமாராக இருக்கலாம். பெங்களூரில் வசிப்பவர்களிடம் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள், அதற்குக் குறியீடு தேவையில்லை. இத்தனைக்கும், முதலிடம் அறிவிக்கப்பட்ட நாளில் அந்த மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2020 செப்டம்பரில் கலைந்த மன்றத்துக்கு அப்போது தேர்தல் நடத்தியிருக்கவில்லை.

இன்னொன்று தேதி. மக்கள் கருத்தைக் கேட்டு முடித்தது 2020 மார்ச் 20. ஊரடங்குக்கு நான்கைந்து நாள் முன்னால். அந்த எண்களை இன்று மேற்கோள் காட்டுபவர்கள் கொரோனாவுக்கு முந்தைய ஊரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

மூன்றாவது, எல்லை. 2007இல் பெங்களூரு மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்கு என்று தனியாகத் திட்டமிட்ட காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. பல பத்தாண்டுகளாகக் காவிரி நீர் வரும் ஜெயநகரும், அதுவரை போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருந்த கிழக்குப் பகுதிகளும் அந்த 66.70க்குள் ஒன்றாக அடங்கிக் கிடக்கின்றன. 2025 செப்டம்பரில் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். இனி எந்தப் பட்டியல் 'பெங்களூரு' என்று சொன்னாலும் எந்தப் பெங்களூரு என்று கேட்க வேண்டியிருக்கும்.

மாநில அளவில் கொள்கை பேசுபவர்களுக்கும், கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும் இந்தக் குறியீடுகள் நல்ல தொடக்கம். வீடு பார்ப்பவர்களுக்கு இல்லை.

## கோல் 3: ஸ்வச் சர்வேக்ஷண்

மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பு. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்தது. 2016இல் 73 நகரங்களோடு தொடங்கி இப்போது 4,500க்கு மேல். மைசூரு ஒரு முறை முதலிடம், அப்புறம் 2017 முதல் 2023 வரை இந்தூர் இந்தூர் இந்தூர். 2024-25இல் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட 40 நகரங்களில் பெங்களூரு 36, சென்னை 38, மதுரை 40. மதுரைக்காரர்கள் அன்று பட்ட வருத்தத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஆண்டுதோறும் வருவது இதன் பலம். ஆட்கள் நேரில் வந்து பார்க்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் இது அளப்பது குப்பை மேலாண்மையையும் கழிப்பறையையும். 'தூய்மையான நகரம்' என்ற பட்டம் கேட்பவர் காதில் 'நல்ல நகரம்' என்று விழுந்துவிடுகிறது. 2025 டிசம்பர் கடைசியில் இதே இந்தூரில் பாகீரத்புரா என்ற பகுதியில் குடிநீரில் சாக்கடை கலந்து பலர் இறந்தார்கள். தெருவைப் பெருக்கிய கணக்கு சரியாகவே இருந்திருக்கும். தரைக்கு அடியில் ஓடும் குழாய்க்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

குப்பை வண்டி வரவில்லை, பிரித்துக் கொடுத்தாலும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்று புகார் உள்ள சங்கங்கள், ஊரின் ஸ்வச் அறிக்கையில் மாநகராட்சி என்ன வாங்கியிருக்கிறது என்று பார்த்து அதை வைத்தே கேள்வி கேட்கலாம். வேறு எதற்கும் இதை இழுக்காதீர்கள்.

## கோல் 4: அமைப்பை அளப்பவை, தரத்தை வரையறுப்பவை

ஜனாக்கிரஹாவின் ஆய்வு பள்ளத்தை எண்ணுவதில்லை. மேயருக்கு எவ்வளவு அதிகாரம், பதவிக்காலம் எத்தனை வருடம், மாநகராட்சியின் சொந்த வருமானம் எவ்வளவு, திட்டச் சட்டம் இருக்கிறதா என்று கேட்கிறது. பெங்களூரு மேயரின் பதவிக்காலம் அப்போது ஒரே வருடம். நாற்காலி சூடாவதற்குள் இறங்க வேண்டும். ஊர் ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் தரும் ஆய்வை நான் பார்த்ததில்லை. ஆனால் நாளை காலை குழாயில் தண்ணீர் வருமா என்பதை அது சொல்லாது.

ஐஎஸ்ஓ 37120 என்பது 2014இல் வந்த சர்வதேசத் தரம். யாரையும் வரிசைப்படுத்தாது. தீயணைப்பு வண்டி வர எத்தனை நிமிடம், நுண்தூசி எவ்வளவு என்று எதை, எப்படி அளக்க வேண்டும் என்பதற்கு மட்டும் இலக்கணம் சொல்லும். மாநகராட்சி ஆணையருக்கு மிகவும் பயன்படும். நம்மைப் போன்றவர்களுக்கு அதன் வரையறைகளைக் கடன் வாங்கினால் போதும்.

## கோல் 5: நாமே எண்ணுவது

இதற்கு முன்னோடியும் பெங்களூருதான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1994இல் சாமுவேல் பாலும் அவர் தொடங்கிய பப்ளிக் அஃபேர்ஸ் சென்டரும் குடிமக்கள் மதிப்பெண் அட்டை என்று ஒன்றை வெளியிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கொடுப்பது போல, குடிநீர், மின்சாரம், மாநகராட்சி, தொலைபேசி என்று ஒவ்வொரு துறைக்கும் அதைப் பயன்படுத்துபவர்களைக் கேட்டு மதிப்பெண். குடிசைப் பகுதிகளைத் தனியாகக் கேட்டார்கள். முதல் முறை துறைகளின் சேவையில் திருப்தி என்று சொன்னவர்கள் சராசரியாக 9 சதவீதம். 1999இலும் 2003இலும் திரும்பக் கேட்டார்கள். 2003இல் அது 49 சதவீதம். அட்டையே எல்லாவற்றையும் மாற்றியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே கேள்வியை ஒன்பது வருடம் விடாமல் கேட்டார்கள், அதனால் 9க்கும் 49க்கும் அர்த்தம் இருந்தது.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1998இல் ஒரு நாளிதழும் வணிகர் சங்கமும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து 'பொகோட்டா எப்படி இருக்கிறது' என்ற பொருளில் இதையே ஆண்டுக் கணக்காக மாற்றின. அமெரிக்காவின் சியாட்டிலில் 1990களில் குடிமக்கள் குழு ஒன்று ஓடைகளுக்குத் திரும்பி வரும் சால்மன் மீன்களைத் தன் அளவுகோல்களில் ஒன்றாக வைத்தது. மீன் திரும்பினால் தண்ணீர் நன்றாக இருக்கிறது, கரை நன்றாக இருக்கிறது, மேலே உள்ள காடும் நன்றாக இருக்கிறது. ஓர் எண், பல செய்தி. பெங்களூருக்கு அப்படி ஒன்று வேண்டுமென்றால், ஏப்ரல் மாதச் சனிக்கிழமை காலை உங்கள் தெருவுக்குள் வரும் டேங்கர் லாரிகளை எண்ணுங்கள்.

நான் எண்ணிய இரண்டைச் சொல்கிறேன். முதலாவது பேருந்து நிறுத்தம். வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் நிறுத்தம் இருந்தால் பொதுப் போக்குவரத்து 'வசதியான தூரம்' என்பது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் உள்ள வரையறை. எங்கள் நிறுத்தம் 300 மீட்டர்தான், ஐ.நா. கணக்கில் நாங்கள் தேறிவிட்டோம். ஒரு வாரம் காலை எட்டேகாலுக்குப் போய் நின்று குறித்தேன்: 11 நிமிடம், 26, 9, 31, 14. சராசரி பதினெட்டுச் சொச்சம். ஆனால் அலுவலகம் போகிறவர் 18 நிமிடத்தை நம்பி வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது, 31ஐ நம்பித்தான் கிளம்ப வேண்டும். ஊர் அளவிலான எந்தச் சராசரியும் இந்த 31ஐ விழுங்கிவிடும்.

இரண்டாவது நடைபாதை. என் அம்மாவுக்கு 71 வயது. வீட்டிலிருந்து அவர் போகும் கிளினிக் 640 மீட்டர். அவரோடு நடந்து, எத்தனை முறை நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது என்று எண்ணினேன். போகும்போது 23. டிரான்ஸ்ஃபார்மர், நிறுத்திய பைக், இளநீர் வண்டி, கல் பெயர்ந்த இடம். ஓரிடத்தில் மூடி இல்லாத சாக்கடைக் குழியின் மேல் தேர்தல் ஃபிளெக்ஸின் சட்டத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். யாரோ நல்லவர்தான். அம்மா அதைத் தாண்டும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார், நானும் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். அதனால் 24ஆகவும் இருக்கலாம்.

இந்தக் கோலுக்கும் மறைந்த செலவு உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. முதலாவது நேரம்: ஐந்து அளவுகளை நான்கு பேர் ஒரு வருடம் எடுத்தால்தான் பேச முடியும். நம் சங்கங்களில் மூன்றாம் மாதம் நோட்டு காணாமல் போகும். இரண்டாவது, யாரைக் கேட்கிறோம் என்பது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நடத்தும் வாக்கெடுப்பு கணிப்பு ஆகாது. அதில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் காவலாளியும் இல்லை, அவர்கள் வீட்டுக் குழாயும் இல்லை. மூன்றாவது, கோபத்தில் இருக்கும்போது எண்ணினால் எண் கூடும். எதைப் 'பள்ளம்' என்று எழுதுவது, எதை விட்டுவிடுவது என்று தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| கோல் | யாருக்காக | எண் வரும் வழி | எட்டும் ஆழம் | மறைந்த செலவு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|---|
| எக்கனாமிஸ்ட், மெர்சர் | பன்னாட்டு நிறுவனங்கள் | நிபுணர் மதிப்பீடு, தரவு | ஊர் முழுதும் ஒன்று | வாழ்க்கைச் செலவு தனிக் கணக்கு | வெளிநாட்டு மாற்றல், படி பேரம் |
| ஈஸ் ஆஃப் லிவிங், செயல்திறன் குறியீடு | அரசுகள் | நகரங்களின் தரவு, மக்கள் கணிப்பு | ஊர் முழுதும் ஒன்று | பழைய தரவு, மாறும் முறை | நம் நகரங்களை ஒப்பிட |
| ஸ்வச் சர்வேக்ஷண் | மாநகராட்சிகள் | ஆவணம், கள ஆய்வு, மக்கள் கருத்து | ஊர் முழுதும் ஒன்று | குப்பையைத் தாண்டிப் பேசாது | குப்பைப் புகார் |
| ஜனாக்கிரஹா, ஐஎஸ்ஓ | சீர்திருத்தம் கேட்போர், ஆணையர்கள் | சட்டம், பட்ஜெட், வரையறை | அமைப்பு | தெருவில் நடப்பது தெரியாது | 'ஏன்' என்ற கேள்விக்கு |
| சொந்தக் கணக்கு | நமக்கு | நாமே | தெரு | நேரம், சாய்வு | வீடு பார்க்க, வார்டில் கேட்க |

## சரி, இருவருக்கும் என்ன சொன்னேன்

சங்கச் செயலாளருக்கு ஐந்தாவது கோல், கூடவே நான்காவதிலிருந்து வரையறைகள். ஐந்து எண்கள் போதும்: தண்ணீர் வரும் மணி நேரம், புகார் எண் கொடுத்ததிலிருந்து முடியும்வரை நாள், எரியாத தெருவிளக்கு, மழை நின்று ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நிற்கும் இடங்கள், நடைபாதையை விட்டு இறங்கும் எண்ணிக்கை. பக்கத்துக் குடிசைப் பகுதியிலும் அதே ஐந்து. அதிகாரியிடம் "மோசமாக இருக்கிறது" என்று சொன்னால் "பார்க்கிறோம்" என்பார். "போன மார்ச்சில் 9 நாள், இந்த மார்ச்சில் 22 நாள்" என்று தாளை நீட்டினால், குறைந்தபட்சம் தாளை வாங்கிக்கொள்வார்.

கோயம்புத்தூர் வாசகிக்கு: பட்டியல்களை மூடிவைத்துவிட்டு, வீடு பார்க்க நினைக்கும் இரண்டு பகுதிகளிலும் தலா ஒரு சனிக்கிழமை தங்கிப் பாருங்கள், முடிந்தால் கோடையில். மாமியாரோடு மருந்துக் கடை வரை நடங்கள். பள்ளி வேன் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு விடும் என்று கேளுங்கள். தண்ணீரைக் கணக்குப் போடுங்கள்: ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. நான்கு பேருக்கு மாதம் 16,200 லிட்டர். 2024 மார்ச் தட்டுப்பாட்டில் பெங்களூரு மாவட்ட நிர்வாகம், 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று விலை வைத்தது. அந்த விலைக்கு லாரி கிடைத்ததா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள், வீட்டுத் தரகரிடம் கேட்காதீர்கள்.

அவர் உண்மையாகவே போய்விட்டு வந்து ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கிழக்குப் பகுதி: டேங்கர் 9, வாடகை 32,000, மருந்துக் கடைக்குப் போக 14 முறை இறக்கம், கணவரின் அலுவலகம் பக்கம். தெற்குப் பகுதி: டேங்கர் 1, வாடகை 35,000, இறக்கம் 6, அலுவலகம் ஒன்றேகால் மணி நேரம். ஓரத்தில் மாமியார் கையெழுத்தில் 'கோயில் உண்டு' என்று ஒரு குறிப்பு, எந்தப் பகுதிக்கு என்று போடவில்லை. மூவாயிரம் கூடுதல் வாடகையில் டேங்கர், ஆட்டோ செலவைக் கழித்துப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.